நாரியில் போடும் ஊசியைப் பற்றி

இணுவில்

அன்பு மகள் வித்தியாவுக்கு,

எங்கள் கோயில் கந்தசாமியார் காவலில் நாங்கள் இருக்கிறோம், நீயும் மருமகன் கோகுலனும் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கும்பிடு. போன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பாய். அப்பா போனைச் சத்தமாகப் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதானே கதைக்க விடுகிறார். லீவில் வந்த பக்கத்து வீட்டுப் பிரசாந்தி உங்கள் கனடாவுக்குத் திரும்புகிறாள், பத்தியத்துக்கு இடித்த சரக்குத்தூளோடு இதையும் அவளிடம் கொடுத்து விடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை பார்க்காதே.

உன் தங்கச்சி சுவர்ணா பெற்றுவிட்டுப் போன சின்னவன் இப்போது பிரண்டு படுக்கிறான், தடிமன் சளியும் மாறிவிட்டது. அவளின் கண்தான் அவனுக்கு. நான் அழுதால் அப்பா எழும்பிப் போய்விடுவார், அதனால் என் அழுகை கிணற்றடியோடு சரி. போன கிழமை, பிள்ளைப்பேற்று நோ தெரியாமல் இருக்க நாரியில், முதுகின் அடியில், ஊசி போடலாம் என்று உன் டொக்டர் சொன்னதை நீ சொன்னதும் அப்பா, "உந்த ஊசிதான் என்ரை பிள்ளையைக் கொண்டுபோனது, நீயும் போட்டியெண்டால் நான் உயிரோடை இருக்கமாட்டன்" என்று கந்தசாமியார்மேல் சத்தியம் வாங்கினார். நான் பக்கத்தில் இருந்து சின்னவனை ஆட்டிக்கொண்டிருந்தேன். மகள், அது ஊசி இல்லை. அன்று தங்கச்சிக்கு விடியவே நோ தொடங்கியது, ஓட்டோ வாசலில் நின்றது, அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்து இராகுகாலம் கழியட்டும் என்றார், கழிந்ததும் மரணயோகம் என்றார். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி "ஏலாதப்பா, ஏலாது" என்று கத்தினாள். பின்னேரம்தான் வெளிக்கிட்டோம். ஆஸ்பத்திரியில் நாரியில் ஊசி போட்டுப் பிள்ளையை வெட்டி எடுத்தார்கள். அவளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வரும்போது என் கையைப் பிடித்து, "அம்மா, இப்ப ஒரு நோவும் இல்லை, சுகமாக் கிடக்கு" என்று சிரித்தாள். பிறகு இரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்ட டொக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "ஊசியாலை இல்லை அம்மா, கனநேரம் நோப்பட்டுக் கர்ப்பப்பை களைச்சுப் போச்சு, வேளைக்குக் கொண்டுவந்திருக்கலாம்" என்றா. அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. ஊசி ஊசி என்று சொல்லித்தான் அந்த மனிசன் ஒரு பிடி சோறு தின்கிறது. நான் சொன்னால் அவர் இல்லை, சொல்லாவிட்டால் நீ கிடந்து துடிப்பாய், இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் இருக்கிறேன்.

தங்கச்சியின் கதையை உன் டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லு. அவர்கள் சரியென்றால் ஊசியைப் போடு. சத்தியத்தின் பழியை என் தலையில் போடச் சொல்லிக் கந்தசாமியாரிடம் கேட்டுவிட்டேன். நோ தொடங்கினால் நாள் பார்க்காதே, இங்கே போன் எடுத்துக் கேட்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

தாயும் பிள்ளையும் வேறாகி, இரண்டு உயிரும் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். வாசித்ததும் இதைக் கிழித்துப்போடு. பிள்ளை பிறந்த பிறகு அப்பா கேட்பார், ஊசி போட்டதோ என்று. இல்லையப்பா என்று சொல்லு. நானும் பக்கத்தில் இருந்து, அவள் சொன்னது கேட்டதுதானே, இல்லையாம் என்பேன்.

உன் அம்மா
குணலட்சுமி