இறால் ஓடு கழற்றிய நாள்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

மத்தியானம் தறியிலிருந்து சாப்பிட வந்தபோது, வீட்டில் நான் இறால் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் பெட்டை இறால் ஓடு கழற்றியிருந்தது. புது ஓடு இறுகும்வரை அதன் உடம்பு மெத்தென்று இருக்கும். போன தடவை அந்த நேரத்தில்தான் மற்ற இறால்கள் சேர்ந்து ஒரு பெட்டையைக் கிழித்துப் போட்டன. இன்று ஆண் இறால், நீலக் கொடுக்குக்காரன், இதன்மேல் கவிந்து நின்றான். இருப்பதிலேயே பொல்லாதவன் அவன். என் விரலையே பதம் பார்த்தவன். அவனைப் பிடிக்க வலையை எடுத்தேன்.

என் மனைவி செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள். தொட்டி வந்த நாளிலிருந்து அந்தப் பக்கமே திரும்பாதவள்.

"அவன எடுக்காதீய. காலையிலேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அவள ஒண்ணும் செய்யல. மத்தது கிட்ட வந்தாத்தான் வெரட்டுதான்."

"கொன்னுட்டாம்னா?"

"கொல்லணும்னா இம்புட்டு நேரம் விட்டு வச்சிருப்பானா?"

வலையை வைத்துவிட்டுத் தறிக்குப் போனேன். வேலை ஓடவில்லை.

சாயங்காலம் வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். பெட்டையின் வயிற்றுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் ஒட்டியிருந்தன. அவன் இன்னும் கொடுக்கை விரித்தபடி முன்னால் நின்றான்.

"குஞ்சுக்கு வேற தொட்டி வேணும்லா?" என்றாள்.

"ஆமா. அதுக்கு உப்புத்தண்ணி வேற வேணும். நான் செஞ்சு பாத்ததில்ல."

"அரிசி டப்பா பெருசாத்தான இருக்கு. அரிசி சாக்குலயே கெடக்கட்டும்."

உப்பு எவ்வளவு கலப்பது என்று யாரிடமாவது கேட்க வேண்டும். குஞ்சுகள் தங்குமா, தெரியவில்லை. அவள் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.