தலைவி இல்லாத சனிக்கிழமைகள்

இன்று காலை உன் பழைய லேப் கதவைத் திறந்ததும் சால்டரிங் புகை முகத்தில் அடித்தது. ஜன்னலோரம் புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி குனிந்து எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகைப் பார்த்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். அவள் திரும்பி, "என்னக்கா?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் இப்படித்தான் இருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன். எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நீ பல்கலைக்கழகத்துக்குக் கோவளத்திலிருந்து பஸ் மாறி வருவாய். நான் செங்கல்பட்டுக்கு உள்ளே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து. நீ இயற்பியல், நான் வேதியியல். இரண்டு பேர் வீட்டிலும் ஆராய்ச்சிப் படிப்பு என்றால் என்னவென்று விளக்க முடியாமல், "இன்னும் படிச்சினுதான் கீது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கருத்தரங்குகளில் எப்போதும் அதே நாலு பேர்தான் பேசுவார்கள். மற்ற நாமெல்லாம் குனிந்து எழுதுவதுபோல் பாவனை செய்வோம். ஒருநாள் கேன்டீனில் நீதான் வெடித்தாய்.

"நமக்கெல்லாம் ஒண்ணும் தெரியாதுன்னா நினைச்சினுகீறாங்க? ஆளுக்கு ஒண்ணு தெரியும்டி. உக்காந்து பேசுனாத்தானே வெளிய வரும்?"

முதல் சனிக்கிழமை ஒரு காலி வகுப்பறையில் கூடினோம். யாரோ எழுந்து, நீயே தலைவியாக இரு என்றார்கள். நீ நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டாய். தரையில் இரும்பு தேய்ந்த சத்தத்தில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம்.

"நான் தலைவின்னா மீதி பேர் இன்னா? கைதட்றவங்களா?" என்றாய்.

அன்று பேசி வைத்துக்கொண்டதுதான் இன்றுவரை நடக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்குவோம். பெயர் வந்தவர் அந்த மாதக் கூட்டங்களை நடத்துவார். நடத்துவதோடு சரி, முடிவெடுப்பது அவர் வேலையில்லை. தேர்வுக்குத் துணையாகப் படிப்பது, கட்டுரை எழுதப் பழக்குவது, கைடோடு சிக்கல் என்று வருகிறவர்களுக்குத் துணை நிற்பது, இவற்றில் யாருக்கு எதில் மனம் போகிறதோ அதில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்துகொள்வார்கள். சலித்துப்போனால் மாறிக்கொள்ளலாம். ஆனால் செய்ததை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ஒரே ஒருவர் "எனக்கு ஒப்பவில்லை" என்றாலும் நிறுத்திக் கேட்க வேண்டும், அவர் எம்.எஸ்சி. முதலாண்டாக இருந்தாலும்.

அந்தக் கடைசி விதி உன்மேலேயே வந்து விழுந்த நாள் நினைவிருக்கிறதா? நம் வட்டத்தில் இருந்த தமிழரசன் செய்த சோதனைகளை வைத்து எழுதிய கட்டுரையில் அவனுடைய கைடு அவன் பெயரை எடுத்துவிட்டார். நீ கொதித்துப்போனாய். எல்லோரும் கையெழுத்துப் போட்டு டீனிடம் நேராகப் போவோம் என்றாய். நாங்கள் எழுந்தே விட்டோம். அப்போதுதான் கலைவாணி கையைத் தூக்கினாள். மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவரின் மகள். கூட்டத்துக்கு வர ஆரம்பித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

"எனக்கு ஒப்பலக்கா."

"ஏன்?" என்றாய். அந்த 'ஏன்' கூர்மையாகத்தான் இருந்தது.

"அண்ணன் இன்னும் வாயே தொறக்கல. அவருக்கு இன்னா வேணும்னு யாரும் கேக்கலியே."

உன் முகம் சிவந்தது. விறுவிறுவென்று வெளியே போனாய். திரும்ப வரமாட்டாய் என்றே நினைத்தேன். வந்தாய். தமிழரசனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "அவ சொல்றது சரி. நீ சொல்லு" என்றாய்.

அவன் தரையைப் பார்த்தபடி பேசினான். சண்டை வேண்டாம், முதலில் கைடு மாற வேண்டும், துறைத்தலைவரிடம் பேசும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும் என்றான். கலைவாணியே கூடப் போய் உட்கார்ந்தாள். அவனுக்கு வேறு கைடு கிடைத்தார். கட்டுரையில் அவன் பெயர் மட்டும் திரும்பி வரவேயில்லை.

பிறகு ஒருநாள் மாலை மாமல்லபுரம் கடற்கரையில் நாம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். சுற்றுலாக்காரர்கள் அலையில் கால் நனைத்துக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். நீ மணலை அள்ளி அள்ளிக் கீழே விட்டாய்.

"பேரு போச்சேடி. நாம நிதானமா போறோமா, பயந்துகினு போறோமா? ஒரே பேஜாரா கீது."

நானும் ஒரு பிடி மணலை அள்ளினேன்.

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. போனில், "ஒண்ணும் இல்லடி, மாத்திர போட்டுகினேன். சனிக்கிழம வந்துடுவேன்" என்றாய். சனிக்கிழமை உன்னை ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தேன். டெங்கு என்றார்கள். அடுத்த சனிக்கிழமை நீ இல்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து உங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். வாசலிலும் தெருவிலும் நம் ஆட்கள் நின்றார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"அந்தக் கூட்டத்துக்கு எம் பொண்ணுதான் தலைவியாம்மா?"

"இல்லம்மா. அங்க தலைவின்னு யாரும் கிடையாது."

"அப்பறம் இம்மாம் பேரு ஏம்மா வந்துகீறாங்க?"

அவருக்கு எப்படிச் சொல்வது? தலைவிக்காக வந்தவர்கள் இல்லை என்று சொல்லத் தோன்றியது. அவர் கைமேல் என் இன்னொரு கையை வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ கேட்டால் திட்டுவாய். வட்டத்தில் எல்லோர் கண்ணும் என்மேல் திரும்ப ஆரம்பித்தது. நான் வாயைத் திறந்தால் தலையாட்டினார்கள். அந்த நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எந்த மாணவர் குழுவாக இருந்தாலும் தலைவர் பெயர் கொடுத்தால்தான் அறை.

"உன் பேர குடுத்துடலாம். சும்மா பேருக்குத்தானே," என்றான் தமிழரசன்.

"எனக்கு ஒப்பல," என்றேன்.

இந்த முறை கலைவாணி என்மேல் பாய்ந்தாள். "ரூம் போச்சுன்னா மழைல எங்கக்கா உக்காருறது? புதுசா வர்ற பசங்க தேடினு எங்க வருவாங்க?"

அவள் கேட்டதில் தவறே இல்லை. நெடுநேரம் பேசினோம். கடைசியில், அந்த மாதம் சீட்டில் வந்தவர் பெயரைக் கொடுப்போம், மாதாமாதம் மாற்றிக் கொடுப்போம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். அலுவலகத்தில், "இன்னாம்மா, விளையாட்றீங்களா?" என்று தாளைத் திருப்பித் தள்ளினார்கள். அறை போனது. இப்போது நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டில் உட்காருகிறோம். வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மழை வந்தால் கலைந்துவிடுகிறோம். கலைவாணி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமைகூட வராமல் இருந்ததில்லை. நான் செய்தது சரியா? உன்னிடம் கேட்டால் நீயும் மணலைத்தான் அள்ளியிருப்பாய்.

நேற்று நாவலூரில் ஒரு கம்பெனியில் எனக்கு நேர்காணல். கண்ணாடி அறை, நீள மேசை. "ஏதாவது குழுவுக்குத் தலைமை வகித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும்.

"இல்லை. ஒரு குழுவில் இருக்கிறேன்," என்றேன். எப்படி நடக்கிறது என்று கேட்டார்கள். சீட்டுக் குலுக்குவது, வட்டம், ஒப்பவில்லை என்றால் நிறுத்துவது, எல்லாம் சொன்னேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மேசையின் ஓரத்தில் ஒரு பெண் ஆரம்பத்திலிருந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டு பேசாமல் இருந்தார். எங்கே போனாலும் என் கண் அப்படிப்பட்டவரிடம்தான் போய் நிற்கிறது. நீ எனக்குள் விட்டுப்போன நிம்மதியின்மை அது.

"நீங்க ஒண்ணும் கேக்கலியே மேடம்," என்று கேட்டுவிட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தக் குழு இப்பவும் இருக்கா?"

"இருக்கு," என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.