ஆடு நம்மைப் பார்க்கிற நேரம்

லாஸ் ஏஞ்சல்ஸ்
பிப்ரவரி 8, 1953

அன்புள்ள லோர்னாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அம்மா நலம், பூனை அளவுக்கு மீறி நலம். உன் நலத்தை உன்னிடம் கேட்கப் போவதில்லை, கேட்டால் நீ "நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுதிவிடுவாய், அதில் எனக்கு ஒரு தகவலும் கிடைக்காது. அதனால் டாக்டரையே கேட்டேன். அவர் எழுதியதைக் கீழே சொல்கிறேன், முன்னால் தாவிப் படிக்காதே. போன வார மழையில் சமையலறைக் கூரை ஒழுகியது, நானே ஏறித் தார் பூசினேன், இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. அம்மா தேவாலயப் பாடகர் குழுவில் திரும்பச் சேர்ந்திருக்கிறாள், வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் பயிற்சிதான். போன முறை நான் அங்கே வந்தபோது உன் நர்ஸ் என்னை உன் அண்ணன் என்று நினைத்ததை அம்மாவிடம் சொன்னேன், நாற்பதைத் தொடாத எனக்கு அது ஒன்றும் பெரிய பாராட்டில்லை என்றாலும் அவள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

உன் கோபக் கடிதம் வந்தது. அன்று உன் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருக்கிற எல்லோரையும் கட்டிலோடு தள்ளிக்கொண்டு படம் பார்க்கக் கூட்டிப்போனார்கள், முதலில் போட்டது கார்ட்டூன் என்பதால் உன்னை மட்டும் விட்டுவிட்டார்கள், அதுவும் அந்தக் கார்ட்டூன் உன் அப்பா படம்பிடித்த ஆட்டுக் கார்ட்டூன், சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்ததை நீ மல்லாந்து படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். "அழவைக்கிற படம்னா அனுப்புறாங்க, சிரிக்கவைக்கிற படம்னா அனுப்ப மாட்டேங்கிறாங்க, இது என்ன வைத்தியம்பா" என்று கேட்டிருந்தாய். வைத்தியம் சரிதான் லோர்னா. உன் நுரையீரலைச் சுற்றிக் காற்றை ஏற்றி அதை அசையாமல் ஓய்வில் வைத்திருக்கிறார்கள், வயிறு குலுங்கச் சிரித்தால் மார்புக்கூடு உதறும், ஆறுகிற புண் பிய்ந்துகொள்ளும். அழுகை அப்படி உதறாது. இயந்திரக் கணக்குப்படி நான் அந்த டாக்டர் பக்கம்தான். ஆனால் உன் கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். அந்த ஆட்டுப் படத்தை நீ இன்னும் பார்க்கவில்லை, அதனால் முதலில் கதையை மட்டும் சொல்கிறேன். ஓர் ஆடு சலவைக்கடை வைத்திருக்கிறது. ஒரு நீர்யானை தன்னிடம் இருக்கிற ஒரே கால்சட்டையை இஸ்திரி போடக் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் காத்திருக்கிறது. ஆட்டுக்குப் பசி. கால்சட்டையைப் பார்க்கிறது. பிறகு திரும்பி நம்மைப் பார்க்கிறது. மறுபடி கால்சட்டையைப் பார்க்கிறது. ஒழுங்காக இஸ்திரி போடுகிறது. மறுபடி நம்மைப் பார்க்கிறது. அந்தப் பார்வையில் காதும் அசையாது, தாடியும் அசையாது. ஒரே ஓவியத்தைக் கண்ணாடிக்கடியில் வைத்து நான் திரும்பத் திரும்ப அதையே படம்பிடிக்க வேண்டும், வேலையிலேயே அலுப்பான வேலை அதுதான். டைரக்டர் மிஸ்டர் ப்ரூயட்டிடம் இதில் பாதியைக் குறைத்தால் பிலிம் மிச்சம் என்று அப்போதே சொன்னேன். "சரி எமெட், நீ படத்தைப் பிடி" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

திட்டம் இதுதான். அவரிடம் கேட்டு ஒரு சின்னப் பிரதி வாங்கினேன், உங்கள் ஆஸ்பத்திரி மெஷினில் ஓடுகிற அளவு. சிரிப்பைக் குறைத்தால் உன்னை உள்ளே விடுவார்கள், எனவே சும்மா நிற்கிற இடங்களை, அதாவது ஆடு நம்மைப் பார்க்கிற இடங்களை எல்லாம் வெட்டினேன். விழுவது, நீராவி வெடிப்பது, இஸ்திரிப்பெட்டி காலில் விழுவது எல்லாம் அப்படியே இருக்கும், பார்ப்பவனுக்குச் சிரிக்க நேரம்தான் இருக்காது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஸ்டூடியோவில் வண்ணம் தீட்டும் பெண்களுக்குப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை சாண்ட்விச் மெல்லுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்தப் பெண்களுக்குத் தலைவி பெர்னீஸ், கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "ஏன் எமெட், ஆட்டுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். எல்லாம் இருக்கிறதே, எல்லோரும் விழுகிறார்களே என்றேன். "விழறாங்க. ஆனா அது நம்மளைக் கண்டுக்கவே மாட்டேங்குது. பஸ்ல பக்கத்துல உக்காந்திருக்கிறவன் மாதிரி இருக்கு" என்றாள். அந்த ஆட்டை வரைந்த கஸ் கதவில் சாய்ந்து நின்று, "நான் ஆடு வரைஞ்சு கொடுத்தேன், நீ அதை வெட்டிட்டுத் தோலை மட்டும் பொண்ணுக்கு அனுப்புற. நல்ல அப்பன்டா நீ" என்றான். எனக்குக் கோபம் வந்தது. இது மருந்து, படமில்லை என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

வீட்டில் அம்மா பெட்டியைப் பார்த்து என்ன என்று கேட்டாள், பெருமையாகச் சொன்னேன். அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "உப்பைக் குறைச்சாச்சு, நடையைக் குறைச்சாச்சு, பேச்சைக் குறைச்சாச்சு. இப்ப நீங்க சிரிப்பையும் எடுத்துட்டு வெறும் டப்பாவை அனுப்புறீங்களா? அவ எப்ப சிரிக்கலாம்னு அந்த டாக்டரைக் கேட்டீங்களா? எல்லாரும் கூடாதுன்னாங்க, எப்பன்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணலையே" என்றாள். அங்கேயே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உன் டாக்டர் ஹால்வர்சனுக்கு எழுதினேன். மரியாதை வரிகள் எல்லாம் போடவில்லை. என் மகள் எப்போது சிரிக்கலாம், தேதி சொல்லுங்கள் என்று எழுதினேன்.

பதில் நேற்று வந்தது. எப்போது எழுந்து உட்காரலாம், எப்போது குளியலறை வரை நடக்கலாம், எப்போது சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகலாம் என்று எல்லாவற்றுக்கும் தன்னிடம் ஒரு வரிசை உண்டு, சிரிப்புக்கு மட்டும் இல்லை, இதுவரை யாரும் கேட்டதில்லை, அதனால் இரண்டு நாள் யோசித்ததாக எழுதியிருக்கிறார். இப்போது முக்கியமானது. இலையுதிர் காலத்தில் உன் நுரையீரலில் பிளம் பழம் அளவு இருந்த ஓட்டையை ஜனவரி எக்ஸ்ரேயில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருந்ததாம். காசநோய்க்கு வந்திருக்கிற புது மாத்திரை வேலை செய்கிறது. ஈஸ்டர் சமயத்து எக்ஸ்ரேயும் இதேபோல வந்தால் நீ நாற்காலியில் உட்காரலாம், விலாவோடு ஒரு தலையணையை இறுக்கிக்கொண்டு ஒரே ஒரு கார்ட்டூன் பார்க்கலாம், சிரிக்கலாம். பெரிய படம் வேண்டாமாம், அது நீளமாம். எக்ஸ்ரே சரியாக வராவிட்டால் எதுவும் கிடையாது, அதையும் எழுதியிருக்கிறார், நானும் மறைக்கவில்லை. ஆனால் இந்த மனுஷன் ஆறுதலுக்காக எழுதுகிற ஆள் இல்லை, எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அம்மா அந்தக் கடிதத்தைப் பாடகர் குழு முழுவதுக்கும் படித்துக் காட்டிவிட்டாள்.

எனவே பெட்டியை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், வெட்டியதை எல்லாம் இன்று திரும்ப ஒட்டினேன். வெட்டின துண்டுகளை நல்ல வேளையாகக் குப்பையில் போடாமல் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். ஒட்டும்போதுதான் எனக்குப் புரிந்தது, இத்தனை வருடம் இதே வேலையைச் செய்துகொண்டு இது புரியாமல் இருந்திருக்கிறேன். விழுவதில் என்ன இருக்கிறது, மூட்டைகூட விழும். ஆடு திரும்பி நம்மைப் பார்க்கும்போது, சாப்பிடட்டுமா என்று நம்மிடம் கேட்கிறது. பாவம் அந்த நீர்யானை, வேண்டாம் என்கிறோம், உள்ளுக்குள் சாப்பிடு சாப்பிடு என்கிறோம். அது வாயைத் திறக்கும்போது நாமும் கூட்டுக் களவாணி. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற நேரம் அது, நான் அதைப் போய் வீண் என்று வெட்டியிருக்கிறேன். ஒட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை ஓட்டினேன், ஒட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு கால்சட்டையைப் பார்த்தது. திரும்பி என்னைப் பார்த்தது. அதன் தாடியில் ஒவ்வொரு மயிரும் எனக்குத் தெரியும், இருந்தும் சிரித்துவிட்டேன், நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. கஸ் எட்டிப் பார்த்துவிட்டு ஸ்டூடியோ முழுக்கக் கேட்கிற மாதிரி, "எல்லாரும் வாங்கப்பா, எமெட் சிரிக்கிறான். யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க" என்றான்.

முட்டையைப் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளாமல் நீயே சாப்பிடு, டாக்டர் எடை போடுகிறார், உன்னால் ஏமாற்ற முடியாது. உட்கார்ந்து எழுதாதே, படுத்துக்கொண்டே நாலு வரி எழுதினால் போதும். அம்மா பின்னிய சாம்பல் நிறச் சட்டை தனிப் பொட்டலமாக வருகிறது, கை நீளமாக இருந்தால் குறை சொல்லாமல் மடித்துவிட்டுக்கொள். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, ஞாயிறுதோறும் அம்மா உனக்காகச் சத்தமாகவே வேண்டிக்கொள்கிறாள், நான் மனதுக்குள். எக்ஸ்ரே நல்லபடியாக வந்தால் படப்பெட்டியை நானே கொண்டு வருவேன், மெஷினையும் நானே ஓட்டுவேன், அங்கே உள்ளவர்களை நம்பமாட்டேன். ஆடு உன்னைப் பார்க்கும்போது அவசரப்படாதே, தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நீயும் அதைப் பார். அது வேண்டிய மட்டும் நிற்கும், ஒரு துண்டைக்கூட நான் குறைக்கவில்லை. அதுவரை சிரிக்காதே.

உன் அப்பா,
எமெட்