சென்னீர்குப்பத்தில் ஆடிய ஆட்டம்

ஞாயிறு, இரவு

இரண்டு பாதத்திலும் கொப்புளம். தூக்கம் வரவில்லை.

மத்தியானம் அறையில் படித்துக்கொண்டிருந்தபோது தெருவில் மேளம் கேட்டது. மலேசியாவில், எங்கள் கிள்ளானில், அப்பா காவடி எடுக்கும்போதெல்லாம் முன்னால் ஆடுகிறவன் நான். இங்கே படிக்க வந்த எட்டு மாதத்தில் அந்த அடியைக் கேட்டதே இல்லை. காவடிதான் என்று நினைத்துச் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கூட்டத்தில் புகுந்து ஆடினேன். முகத்தில் சாமந்தி வந்து விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் பாடை வந்துகொண்டிருந்தது.

கூசிப்போய் ஒதுங்கினேன். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். செத்தவரின் இளைய மகனாம்.

"போவாத மச்சான். நைனாக்கு ஆட்டம்னா உசுரு. இன்னும் கொஞ்சம் ஆடு."

தார்ச்சாலை சுட்டது. சுடுகாடு வரை ஆடினேன். அங்கே தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி கேட்டான்.

"உன் நைனா ஊர்ல இன்னா பண்றாரு?"

"லோரி ஓட்டுறாரு" என்றேன்.

அப்பா செத்து இன்றோடு இருபத்திரண்டு நாள். பரீட்சை இருக்கிறது, வராதே என்று அம்மா சொன்னாள். நானும் அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தேன். நடுவில் சிக்னல் போய், திரும்ப வந்தபோது அப்பாவை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியிருந்தது.

சற்றுமுன் அம்மா கூப்பிட்டாள். எடுக்கவில்லை. எடுத்தால், பேர்கூடத் தெரியாத ஒருவரை இன்று சுடுகாடு வரை கொண்டுபோய் விட்டுவந்தேன் என்று சொல்லிவிடுவேன்.