அர்ஜுனனுக்கு நீ செய்த கண்

பாய், இன்று காலை ஓசூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைப் பெண் என் கண்ணாடியின் பிரேமைச் சூடாக்கி வளைத்தாள். அந்த வாசனை வந்ததும் உன் ஞாபகம்தான். மண்ணெண்ணெய் அடுப்பு, வாணலியில் சுடுமணல், மணலுக்குள் யாருடைய பிரேமோ, பீடி அணைந்தது தெரியாமல் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருக்கும் நீ. நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் பெண்ணிடம் உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எண்பதுகளில் ஓசூருக்குத் தொழிற்சாலைகள் வந்த வேகத்தில் தொழிலாளர் நாடகக் குழுக்களும் வந்தன. வாரமெல்லாம் லேத் ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேஷம் கட்டினேன். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் லட்சுமணனாக வந்து, ராமன் என்று நினைத்து ஆர்மோனியக்காரர் காலில் விழுந்தேன். அந்த மனுஷனும் ஆசீர்வாதம் செய்துவிட்டார்.

அடுத்த வருஷம் குழுக்களுக்கிடையே நடந்த நாடகப் போட்டிக்கு மகாபாரதம். அர்ஜுனன் வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம். நாடக வாத்தியாரோ எனக்குத் திருதராஷ்டிரன் வேஷம் கொடுத்தார். கண் தெரியாத வேஷம்தான் உனக்கு ராசி என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அங்கே சிரித்து வைத்தேன். உன் கடைக்கு வந்துதான் அழுதேன்.

நீ ஆறுதல் சொல்லவில்லை. கல்யாண முருங்கைக் கட்டையில் நான் செதுக்கி வைத்திருந்த கிரீடத்தை எடுத்துவரச் சொல்லி, திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"மாப்ளே, நெத்தியில எனக்கு ரெண்டு விரல் எடம் குடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பித்தளைக் கம்பியை மெல்லிசாக அராவி இரண்டு வளையம் செய்தாய். என் பவருக்கான கண்ணாடியை ஈரக்கல்லில் தேய்த்துத் தேய்த்துச் சின்னதாக்கி அதில் பொருத்தினாய். காதில் மாட்டக் கம்பி கிடையாது. கிரீடத்தின் நெற்றிப் பட்டையிலிருந்து இரண்டும் கண்ணுக்கு நேராகத் தொங்கின. சுற்றிலும் நான் பாசிமணியும் ஜரிகையும் கோத்தேன். பார்ப்பவர்களுக்கு ஏதோ நெற்றிச்சுட்டி மாதிரி தெரிந்தது.

வாத்தியாருக்குத் தெரியாமல் நாம் இருவரும் பார்த்த முதல் ஒத்திகையிலேயே மானம் போயிற்று. அண்டாத் தண்ணீரில் தெரியும் மீனைக் குனிந்து பார்த்து, மேலே தொங்கும் அட்டை மீனை அர்ஜுனன் அடிக்க வேண்டும். நான் குனிந்ததும் இரண்டு கண்ணாடியும் கண்ணை விட்டு விலகி ஊஞ்சலாடின. நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"ஸ்டூல்ல ஒக்காந்தவனுக்கு அளவெடுத்துட்டேன்டா. வில்லு புடிச்சவனுக்கு எடுக்கல."

பிறகு உன் கடைக்குப் பின்னால் என்னை அண்டா முன் குனிய வைத்து, நீ தரையில் மல்லாந்து படுத்து அளவெடுத்தாய். வளையங்களைக் கீழ்நோக்கிச் சாய்த்து, கிரீடத்தின் இரண்டு பக்கமும் காதோரம் இறங்கும் காதணிக் கட்டையோடு கம்பி இழுத்துக் கட்டினாய். மூன்று ஞாயிறு போயிற்று. எனக்கு முதுகு போயிற்று. வாத்தியார் வந்தபோது, கிரீடத்தை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே அவர் சட்டையில் ஒரு பித்தான் மட்டும் வேறு நிறம் என்று சொன்னேன். வேஷம் கிடைத்தது. குறி தவறினால் இத்தோடு மேடையை மறந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு கிடைத்தது.

எங்கள் குழுவில் மீனை நூலில் கட்டி, அம்பு போகும் நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் ஒருவர் அவிழ்த்துவிடுவது வழக்கம். அவரிடம், நூலைத் தொடாதே என்று சொல்லிவிட்டு மேடையேறினேன். பள்ளி மைதானத்தில் மத்தியான வெயில். குனிந்தேன். தண்ணீரில் மீனின் செதில் வரைக்கும் தெரிந்தது. விட்டேன். மீன் அம்போடு அறுந்து அண்டாவுக்குள்ளேயே விழுந்தது. நூல்காரர் வெளியே ஓடிவந்து, தன் கையில் ஒன்றுமில்லை என்று சபைக்கு விரித்துக் காட்டினார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் விசில் ஒரே மாதிரிதான் இருந்தது.

ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்த நடுவர் மேடைக்குப் பின்னால் வந்து கிரீடத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். நீ விரல் வைத்துக் காட்டும்வரை கண்ணாடி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. யார் செய்தது என்று கன்னடத்தில் கேட்டார். கட்டை வேலை இவனுடையது, கண் வேலை என்னுடையது என்று நீயும் கன்னடத்தில் சொன்னாய்.

உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மீன் விழுந்ததும் நிமிர்ந்தேன். அதுவரை சபை என்றால் எனக்கு வெறும் சத்தம்தான். கைதட்டுகிறவர்களின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அன்றுதான் பார்த்தேன். கடைசி வரிசையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்று, அழுதுகொண்டே கைதட்டினாய். மேடையிலிருந்து நான் பார்த்த முதல் முகம் நீதான், பாய்.