பிறந்தநாள் சூப்

மொக்போ,
ஞாயிறு மாலை

அன்பு மகள் யூரிமுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமே. தொலைபேசியில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே உனக்குச் செல்லோ பயிற்சிக்கு நேரமாகிவிடுகிறது. கடிதத்தை அப்படி நடுவில் வைத்துவிட முடியாது பார்.

நம் சலவைக் கடைக்கு எதிரில் காசு போட்டால் துவைத்துத் தரும் கடை வந்திருக்கிறது. கோட்டுக்கு இஸ்திரி போட அந்த இயந்திரத்துக்குத் தெரியாது, அதனால் கவலையில்லை. உன் கச்சேரிக் கறுப்பு உடை இங்கேதான் தொங்குகிறது.

நீ வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. அந்த வருடம் ஆர்கெஸ்ட்ரா தேர்வு உன் பிறந்தநாளிலேயா வந்திருக்க வேண்டும்? தேர்வு நாளில் வழுவழுப்பான கடற்பாசி சூப் குடித்தால் தேர்வும் வழுக்கிவிடும் என்று நம் நாட்டில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் பிறந்தநாளில் அந்தச் சூப் இல்லாவிட்டால் பெற்றவளுக்கு மனம் ஆறுமா? அம்மா முதல் ரயிலில் ஃபிளாஸ்கோடு சியோலுக்கு வந்தாள். நீயும் சிரித்துக்கொண்டே குடித்தாய். வாசிப்பது யாரென்று தேர்வாளர்களுக்குத் தெரியாதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தாய். வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அம்மா அந்தச் சூப்பை வைப்பதே இல்லை. என் பிறந்தநாளுக்குக்கூட வறுத்த மீன்தான்.

தன் சூப்தான் உன்னைக் கவிழ்த்தது என்று அவள் நினைக்கிறாள். எங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியில்லை என்று நீ நினைக்கிறாய். நடுவில் நான் மீன் தின்கிறேன்.

போன வாரம் மீன் வியாபாரம் செய்யும் குவாக் அம்மாள் கடைக்கு வந்தார். பக்கவாதத்தில் பேச்சு போன அவர் அப்பா சியோல் மருத்துவமனையில் இருக்கிறார். கைபேசியில் ஒரு வீடியோ படம் காட்டினார். ஒரு பெண் கட்டிலருகே உட்கார்ந்து செல்லோவில் பழைய படகுப் பாட்டை மெதுவாக வாசிக்கிறாள். ஒரு வார்த்தை பேச முடியாத கிழவர் வரி வரியாகப் பாடுகிறார். குவாக் அம்மாள் அழுதார். நானும் அழுதேன். அந்தப் பெண் நீ.

இசையால் சிகிச்சை செய்யும் படிப்பைப் பல்கலைக்கழகத்தில் செல்லோவோடு சேர்த்தே முடித்து, ஒரு வருடமாக அங்கே வேலை பார்க்கிறாயாம். எங்களிடம் மட்டும் அடுத்த தேர்வுக்குப் பயிற்சி என்கிறாய். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. உன் தோழி ஹவொன் பியானோவுக்குச் சுருதி கூட்டும் வேலைக்குப் போனதை அவள் அப்பா ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். நான் எதைச் சொல்லித் திரிவது?

படத்தை அனுப்பச் சொல்லி வாங்கி அம்மாவிடம் காட்டினேன். திரும்பத் திரும்பப் பார்த்தாள். கடைசியில், "முடிய வெட்டிக்கிட்டாளா? நல்லாத்தான் இருக்கு" என்றாள். மறுநாள் சந்தையிலிருந்து கடற்பாசிக் கட்டு ஒன்று வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறாள். யாருக்கு என்று கேட்டால், "இருக்கட்டுமே, கெட்டா போயிடும்?" என்கிறாள்.

வியாழக்கிழமை உன் பிறந்தநாள். உன்னைக் கூப்பிட அவளுக்கு வாய் வராது. அதனால் நான் கூப்பிடுகிறேன். அன்று உனக்குத் தேர்வு எதுவும் இல்லை. வந்து ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போ, மகளே. வழுக்கினால் வழுக்கட்டும், நம் வீட்டுக்குள்தானே விழப்போகிறாய்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா