சாம்பிள் பெட்டி

மார்ச் 4

இன்று கடையில் விலை பேசிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு திடீரென்று ஓட ஆரம்பித்தது. எதிரே குளியலறைக்கு டைல்ஸ் பார்க்க வந்தவர். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே இருந்தேன். கழுத்துக்குள் யாரோ விரலால் வேகமாகத் தட்டுவது போலிருந்தது. கண் மங்கியது. அவர் கேட்ட தள்ளுபடியைக் கொடுத்துவிட்டேன். பேசி மறுக்க மூச்சு இல்லை.

பிறகு பட்டென்று நின்றது. ஒன்றுமே நடக்காத மாதிரி. எழுந்து கழிப்பறைக்கு ஓடினேன்.

தம்பி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். "என்னண்ணே, கேட்டதும் எறங்கிட்டீங்க? நாளைக்கு ஊரே வந்து நிக்கும்" என்றான். நெஞ்சைப் பற்றி அவனிடம் நான் சொல்லவில்லை.

மார்ச் 11

மறுபடியும். குடோனில், குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கியபோது. சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். இந்த டைரியில் எழுதும்போது யாரிடம் வீறாப்பு?

வீட்டில் அவளிடம் மட்டும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை. "யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றேன். தலையாட்டினாள்.

மார்ச் 13

டாக்டரிடம் போனோம். தம்பிதான் வண்டி ஓட்டினான். வயிற்றுக் கோளாறு என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் அவன் நேராக டாக்டர் அறைக்குள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். வெளியே போடா என்று எப்படிச் சொல்வது?

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் தாளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "ஹார்ட் நல்லா இருக்கு. எல்லாம் டென்ஷன். வியாபாரத்தக் கொஞ்சம் கொறச்சுக்குங்க." தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார்.

திரும்பி வரும்போது தம்பி சொன்னான்: "சாம்பிள் சுத்தம்ணே. லோடு எறக்கிடலாம்."

சிரித்துவிட்டேன். என்னுடைய வழக்கத்தையே எனக்குத் திருப்பிக் கொடுக்கிறான். லாரி வந்ததும் மேலே இருக்கும் ஒரு பெட்டியைப் பிரிப்பேன், ஒரு டைலை எடுத்து விரல்கணுவால் தட்டுவேன். கணீரென்றால் முழு லோடும் நம்முடையது. இப்படித்தான் தொழில் செய்து ஆளானேன். அதனால் டாக்டரின் தாளையும் நம்பினேன்.

மார்ச் 15

மாத்திரை போட்டு அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். எழுந்து பல் தேய்க்கும்போது வந்துவிட்டது. தூங்கி எழுந்தவனுக்கு என்ன டென்ஷன்?

மார்ச் 27

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், நெஞ்சு ஓட ஓட. வாசற்படியில் கால் வைத்தேன், நின்றுவிட்டது. மறுபடி ஈ.சி.ஜி. மறுபடி சுத்தம். பணியில் இருந்த டாக்டர் தோளில் தட்டினார், குழந்தையைத் தட்டுவது மாதிரி. "பயப்படாதீங்க, அதுதான் மருந்து."

வராந்தாவில் அவள் கேட்டாள்: "எல்லா டாக்டருமா தப்பாச் சொல்றாங்க? நீங்களாவே நெனச்சுக்கிட்டா?"

சொந்த நெஞ்சே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொன்னால் என்ன செய்வது? வீட்டில் ஆடுகிறது, ஆஸ்பத்திரியில் கைகட்டி நிற்கிறது.

ஏப்ரல் 6

டைல்ஸ் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். நான்தான் எப்போதும் அங்கே போய்ச் சரக்கைத் தேர்வு செய்வேன். "உடம்பப் பாத்துக்கங்க சார். இனிமே தேர்வுக்குத் தம்பிதான் வருவாராமே. குடோன்ல உக்காந்து அழுதீங்கன்னாரு, மனசுக்குக் கஷ்டமாப் போச்சு."

குடோனில் நான் அழவில்லை. அழுதது வீட்டில். அவள் முன்னால் மட்டும்.

ஏப்ரல் 7

கேட்டேன். இரண்டு பேரையும் கூடத்தில் உட்கார வைத்துக் கேட்டேன்.

அவள்: "என்னால ஒருத்தியாத் தாங்க முடியல. கூடப் பொறந்தவர்தானேன்னு சொன்னேன். வெளியில போகும்னு எனக்குத் தெரியுமா?"

அவன்: "அண்ணி மேல கோவப்படாதீங்க. டாக்டரே கொறைக்கச் சொன்னாரு, நான் பக்கத்துலதானே இருந்தேன். நீங்க கம்பெனியில போயி மயங்கி விழுந்தா யாருண்ணே நமக்குச் சரக்குத் தருவா?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா ஒத்துக்குவீங்களா?"

மாட்டேன். அது உண்மைதான். அதனால் கேட்காமலே எடுத்துக்கொண்டான். தரையில் துணி விரித்து உடைந்த டைல் விற்ற காலத்திலிருந்து நான் கட்டின பேரடா அது. நான் உயிரோடுதானே இருக்கேன்? என்ன அவசரம் உனக்கு?

இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். நெஞ்சு ஓட ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் — 'பார்த்தாயா' என்கிற பார்வை. அந்தப் பார்வையை மறக்க மாட்டேன்.

ஏப்ரல் 9

கடைக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

ஏப்ரல் 15

யாரிடமும் சொல்லாமல் வேறொரு இதய டாக்டரிடம் போனேன். நடுத்தர வயதுப் பெண்மணி. எப்படித் தொடங்குகிறது என்று எல்லோரும் கேட்டார்கள். இவர் கேட்டது வேறு: "எப்படி நிக்குது? மெதுவா எறங்குதா, சட்டுன்னா?"

"சுவிட்ச அணைச்ச மாதிரிங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "பயம் அப்படி நிக்காது. இது வர்ற நேரத்துலதான் புடிக்கணும். நல்லா இருக்கிறப்ப எடுத்த தாளு நல்லாத்தான் இருக்கும்." மார்பில் ஒயர்களை ஒட்டி, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி ஒன்றை இடுப்பில் மாட்டிவிட்டார். கழற்றாமல் சுமக்க வேண்டும்.

மேல்பெட்டியை மட்டும் பிரித்துப் பார்த்து முழு லோடையும் நம்பியிருக்கிறோம். எல்லோரும். முதலில் நான்.

ஏப்ரல் 18

பஸ் படியேறும்போது வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்லா ஓடு, இன்னும் ஓடு என்றேன். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஏப்ரல் 22

பிடிபட்டது.

டாக்டர் நீளத் தாளைக் காட்டினார். வழக்கமான கோடு, பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நெருக்கமாக முட்கள், பிறகு மறுபடி வழக்கமான கோடு. இதயத்துக்குள் மின்சாரம் போகிற பாதை ஒன்று எனக்குக் கூடுதலாக இருக்கிறதாம். பிறவியிலேயே. சில நேரம் மின்சாரம் அதில் புகுந்து வட்டமடிக்கிறது. தொடை ரத்தக்குழாய் வழியாக ஒயரை விட்டு அந்தப் பாதையைச் சுட்டு அடைத்துவிடலாம் என்றார்.

"கேரண்டி உண்டுங்களா?"

"பெரும்பாலும் திரும்பி வராது. நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன்."

அந்த இடத்திலேயே சம்மதித்தேன். நூற்றுக்கு நூறு என்கிறவனிடம் நான் சரக்கு எடுப்பதில்லை.

வீட்டுக்கு வந்து தாளை மேசைமேல் விரித்தேன். அவள் விரலால் அந்த முட்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். அழுதாள். ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தேன்.

மே 3

செய்துவிட்டார்கள். சுடும்போது நெஞ்சுக்குள் லேசாக ஒரு காந்தல். ராத்திரி முழுக்க அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தம்பி வராந்தாவில் இருந்தானாம். உள்ளே கூப்பிடவில்லை.

மே 9

கம்பெனிக்குப் போய் மேனேஜர் எதிரில் நின்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காராமலே சரக்கைத் தட்டிப் பார்த்தேன்.

மே 21

இத்தனை நாளில் ஒருமுறைகூட ஓடவில்லை.

இன்று கடையைத் திறக்கும் முன் தம்பி வந்தான். நின்றுகொண்டே, "தப்புதாண்ணே" என்றான். தப்பு என்றால் சரியாகிவிடுமா? எனக்கு ஆறவில்லை. ஆனாலும் தனியாகப் பிரிந்தால் நஷ்டம் இரண்டு பேருக்கும். பேசி முடித்தோம்.

கொள்முதலும் தேர்வும் என்னுடையது. கடை வியாபாரம் அவனுடையது. இனி மேலே ஒரு பெட்டி, நடுவில் ஒரு பெட்டி, அடியில் ஒரு பெட்டி பிரித்துத்தான் லோடு எடுப்பது. என் உடம்பைப் பற்றி யார் கேட்டாலும் "அவரையே கேளுங்க" என்பதோடு அவன் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அவன் ஒன்றே ஒன்று கேட்டான். மறுபடி நெஞ்சு ஓடினால் முதலில் அவனிடம் சொல்ல வேண்டுமாம். சொல்லவே மாட்டேன் என்றேன். அவன் இறங்கி வந்தான், நானும் கொஞ்சம் இறங்கினேன். முதலில் டாக்டருக்கு, அப்புறம் அவளுக்கு, மூன்றாவதாக அவனுக்கு என்று முடிந்தது.